பெரியப்பாவின் தோள்துண்டு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கிறேன்; வயது 31. டிசம்பரில் வரும் எங்கள் 5-ஆவது திருமண நாளுக்குக் காரிலேயே பரம்பிக்குளம் சென்று, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்க வேண்டும் என்று என் கணவர் திட்டமிடுகிறார். கரடி உள்ள காடாயிற்றே என்றால், "உன்னைப் பார்த்தால் கரடியே ஓடிவிடும்" என்று சிரிக்கிறார், மாமியாரும் சேர்ந்துகொள்கிறார்.

எனக்கு 9 வயதானபோது, வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த என் பெரியப்பா, விடியற்காலையில் விறகு பொறுக்கப் போய்க் கரடியிடம் சிக்கினார். பிழைத்துக்கொண்டார், ஆனால் கடைசிவரை தோள்துண்டால் முகத்தின் ஒரு பக்கத்தை மறைத்தபடிதான் எங்கள் வீட்டுப் படியேறுவார். என் திருமணத்துக்கு முன்பே அவர் காலமாகிவிட்டதால் கணவருக்கு இது தெரியாது, நானும் சொல்லவில்லை. பயணப் பேச்சு தொடங்கியதிலிருந்து இரவில் நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்கிறேன். நான் கோழையா?

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. 9 வயதுக் குழந்தை கண்ட முகம் அது. அதைப் பற்றி யாரிடமும் பேசாமலேயே 22 ஆண்டுகளைக் கழித்திருக்கிறீர்கள். உங்கள் கணவரின் கேலி எனக்கும் உவப்பாக இல்லை. ஆயினும், தாம் எதைக் கேலி செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். மாமியார் இல்லாத நேரத்தில், காரில் ஏறுவதற்கு வெகு நாள் முன்பாக, பெரியப்பாவின் துண்டைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். கரடி என்ற பேச்சே அதற்குப் பிறகு வரட்டும்.

கூடாரத் திட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. பரம்பிக்குளம் போன்ற புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றித் தங்குவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை உங்கள் மனநிலையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது பழைய நினைவு. நம் காட்டுக் கரடிக்கு மோப்பம் கூர்மை, பார்வை மந்தம். புற்றைத் தோண்டிக் கறையான் தின்னும் மும்முரத்தில் இருக்கும்போது ஆள் மிக அருகே வந்த பின்னரே உணர்ந்து, மிரண்டு பாய்கிறது. அரையிருட்டில் தனியே விறகுக்குப் போன பெரியப்பாவின் நிலை அது. பகலில், வழிகாட்டியுடன் வனத்துறை வாகனத்தில் அமர்ந்திருப்பவரின் நிலை வேறு. இதை அறிவு ஏற்றாலும் உடல் உடனே ஏற்காது என்பதால், அச்சத்தைச் சிறுகச் சிறுக எதிர்கொள்ளும் முறையையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். எனவே இந்த முறை இரவுத் தங்கலை விட்டுவிட்டு, ஒரே பகலில் போய்த் திரும்புங்கள். பரம்பிக்குளமும் உங்கள் பாலக்காடு மாவட்டம்தான் என்றாலும் நீங்கள் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தானே போயாக வேண்டும்? சேத்துமடை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி, மேலே போவதா திரும்புவதா என்பதை நீங்களே சொல்வதாக இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் உரிமை கையில் இருந்தால் முன்னே செல்லும் துணிவு பலருக்கு வருவதைக் கண்டிருக்கிறேன்.

தூக்கக் குலைவு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

சேத்துமடையிலேயே திரும்ப நேர்ந்தால், ஆனைமலையில் மாசாணியம்மனை வணங்கிவிட்டு இருவரும் நிதானமாகச் சாப்பிட்டு வீடு வந்து சேருங்கள். திருமண நாள் அன்றைக்கும் திருமண நாள்தான்.