கண்டனத்தோடு ஏறிப் போகும் படம்

அன்புள்ள ஐயா,

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியர். சென்ற தேர்தலின்போது எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிரச்சாரக் காணொளி வந்தது. ஒரு சமூகத்தையே குற்றவாளிகளாகக் காட்டும் அரை நிமிடப் படம். அனுப்பியவர் என்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பா. பதறிப்போய், "இந்த அயோக்கியத்தனத்தைப் பாருங்கள்" என்று எழுதி எனக்குத் தெரிந்த குழுக்களுக்கெல்லாம் அதை அனுப்பினேன். பிரச்சார உத்திகளை நீங்கள் பட்டியலிட்டுத் தந்தால் மாணவர்களுக்கு நடத்துவேன். இவற்றைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியாதா? செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு நிலைமை என்ன ஆகும்?

க.

அன்புள்ள க.,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது, "எனக்குத் தெரிந்த குழுக்களுக்கெல்லாம் அதை அனுப்பினேன்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. சில வாரங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

பட்டியல் வேண்டுமென்றால், 1937இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரச்சாரப் பகுப்பாய்வு நிறுவனம் ஏழு உத்திகளை வகுத்து வைத்திருக்கிறது. எதிரிக்கு இழிபெயர் சூட்டுவது, நானும் உங்களைப் போன்ற சாமானியன்தான் என்று வேட்பாளர் சொல்லிக்கொள்வது, ஊரே எங்கள் பக்கம் என்று காட்டுவது எனப் போகும் அது. 1942இல் அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. பட்டியல் மட்டும் இன்றுவரை பாடநூல்களில் இருக்கிறது. தேடி எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைப் பற்றிச் சட்டம் படித்தவர்களிடம் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவைக் கண்டு அஞ்சுவதற்கு முன்னால், போலிப் படம் ஒன்றுகூட இல்லாத ஒரு விளம்பரம் என்ன செய்தது என்று பாருங்கள்.

1988 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷும் ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸும் போட்டியிட்டார்கள். டுகாகிஸ் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர். அந்த மாநிலத்தில் கைதிகளை ஓரிரு நாட்கள் விடுப்பில் வெளியே அனுப்பும் திட்டம் இருந்தது. கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த வில்லியம் ஹார்ட்டன் என்ற கறுப்பினக் கைதி, 1986இல் அப்படி வெளியே போனவர் திரும்பவில்லை. மறு ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டில் இளைஞர் ஒருவரைக் கத்தியால் காயப்படுத்தி, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணை வன்புணர்வு செய்தார். பாதிக்கப்பட்ட இருவரும் வெள்ளையர்கள்.

புஷ்ஷை ஆதரித்த ஓர் அரசியல் நிதிக் குழு, அவருடைய அதிகாரபூர்வப் பிரச்சாரத்துக்கு வெளியே நின்று, அந்த ஆண்டு செப்டம்பரில் கேபிள் தொலைக்காட்சியில் அரை நிமிட விளம்பரம் ஒன்றை ஒளிபரப்பியது. புஷ்ஷின் படம் வெளிச்சமாக வருகிறது, டுகாகிஸின் படம் மங்கலாக வருகிறது, பிறகு திரையில் காவல்துறை எடுத்த ஹார்ட்டனின் முகம் வருகிறது. ஒரு குரல் பதற்றமே இல்லாமல் நடந்ததைச் சொல்கிறது. கடத்தல், கத்திக்குத்து, வன்புணர்வு என்ற சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுகின்றன. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த முகத்தைப் பார்க்கும் வெள்ளை வாக்காளரின் மனதில் தலைமுறைகளாகக் கிடக்கும் அச்சம் மிச்சத்தைப் பேசிக்கொள்ளும் என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும்.

அந்த விடுப்புத் திட்டம் 1972இல் ஒரு குடியரசுக் கட்சி ஆளுநரின் காலத்தில்தான் தொடங்கியது என்பதையும், வேறு பல மாநிலங்களிலும் மத்திய அரசின் சிறைகளிலும்கூட விடுப்பு நடைமுறையில் இருந்தது என்பதையும் விளம்பரம் சொல்லவில்லை. கொலைக் கைதிகளுக்கு விடுப்பை மறுக்கும் மசோதாவை 1976இல் டுகாகிஸ் தடுத்தார் என்பதும் உண்மை. அதைப் பற்றிக் கேட்க வாக்காளருக்கு முழு உரிமை உண்டு, ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த முகம் தேவையில்லை.

கல்லூரியில் எங்களுக்கு இதழியல் நடத்திய பேராசிரியர் இந்த விளம்பரத்தை வகுப்பில் போட்டுக் காட்டினார். எங்கள் மீது உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்தி, கோபத்தில் குரல் நடுங்க, அதன் கயமையை விளக்கினார். இன்று நினைத்துப் பார்க்கிறேன். அவர் சொன்ன வாதங்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. அவருடைய கோபம் நினைவிருக்கிறது. அந்த முகம், தாடி, கலைந்த முடி, கண்கள் எல்லாம் அப்படியே நினைவிருக்கின்றன. விளம்பரத்தைப் பற்றி இப்போது நான் எழுதும் தகவல்கள் எல்லாம் பின்னாளில் நானாகத் தேடிப் படித்தவை.

அமெரிக்காவிலும் அதுதான் நடந்தது. கேபிளில் சில வாரங்களே ஓடிய விளம்பரம், அது சரியா தவறா என்று விவாதித்த செய்தி நிகழ்ச்சிகளின் வழியாகத்தான் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் புஷ் தரப்பு வெளியிட்ட இன்னொரு விளம்பரத்தில் கைதிகள் ஒரு சுழல் கதவு வழியாக உள்ளே போய் வெளியே வருவார்கள். ஹார்ட்டனின் பெயரோ முகமோ அதில் இல்லை. ஆனாலும் மக்கள் இரண்டு விளம்பரங்களையும் செய்திகளையும் ஒரே கதையாகக் கோத்து நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைக் கேத்லீன் ஹால் ஜேமிசன் என்ற அறிஞர் வாக்காளர்களிடம் பேசிக் கண்டறிந்தார். 1964 அமெரிக்கத் தேர்தலில் அதிபர் ஜான்சன் தரப்பின் அணுகுண்டு விளம்பரம் கட்டணம் செலுத்தி ஒளிபரப்பப்பட்டது ஒரே ஒரு முறைதான். மற்ற தொலைக்காட்சிகள் சர்ச்சை என்ற பெயரில் செய்தியில் இலவசமாகக் காட்டின. 1978இல் பிரிட்டனில் வேலையற்றோர் வரிசையைக் காட்டிய எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் சுவரொட்டியை ஆளுங்கட்சியின் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி கண்டிக்கப் போய், அது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அந்த வரிசையில் நின்றவர்கள் கட்சியின் இளைஞர் அணியினர், வந்தவர்கள் இருபது பேர்தான், அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து ஒட்டினார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகும் சுவரொட்டியின் பலம் குறையவில்லை.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லவே மாட்டேன். 1988 அக்டோபரில் ஜெஸ்ஸி ஜாக்சன் என்ற கறுப்பினத் தலைவர், புஷ் தரப்பின் அந்தப் பிரச்சாரம் இனவெறியைத் தூண்டுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதுவரை உள்ளுக்குள் வேலை செய்துகொண்டிருந்த அச்சத்துக்குப் பெயர் வைக்கப்பட்டதும் அதன் வலிமை குறைந்தது என்று டாலி மெண்டல்பெர்க் என்ற அரசியலறிஞர் தரவுகளோடு வாதிடுகிறார். ஜாக்சன் படத்தைக் காட்டவில்லை, அதில் ஒளிந்திருந்ததைச் சொன்னார். தொலைக்காட்சிகள் படத்தைக் காட்டின. இந்த இரண்டு காரியங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை நீங்கள் புரிந்துகொண்டால் போதும், ஏழு உத்திகளும் வேண்டாம்.

ஜேமிசன் செய்தி நிறுவனங்களுக்குச் சொன்ன யோசனையும் இதையொட்டியதுதான். விளம்பரத்தைத் திரை முழுக்கக் காட்டாதீர்கள். ஒரு மூலையில் சின்னப் பெட்டிக்குள் சுருக்குங்கள். அதன்மேலேயே திருத்தத்தை எழுத்தில் போடுங்கள். முழுத்திரையில் காட்டிவிட்டுப் பிறகு மறுத்துப் பேசினால், படம் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? முழுப் படத்தையும் முழு ஒலியோடு, மேலே ஒரு வரி கோபத்தை மட்டும் வைத்து அனுப்பினீர்கள். அதை எடுத்தவர்களுக்குச் சம்பளம் வாங்காத ஊழியராக ஒரு மாலை முழுவதும் உழைத்திருக்கிறீர்கள். பெரியப்பா ஒரு குழுவுக்கு அனுப்பினார், நீங்கள் பல குழுக்களுக்கு அனுப்பினீர்கள். உங்கள் நெஞ்சு கொதித்தது நியாயமானது. அந்தக் கொதிப்பு இல்லாதவர் ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர். ஆனால் அந்தக் கொதிப்பைத்தான் அவர்கள் கணக்கில் வைத்துப் படம் எடுக்கிறார்கள் என்பதை ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் யோசித்திருக்க வேண்டாமா?

வகுப்பில் 1988 விளம்பரத்தை நடத்துவதாக இருந்தால் படத்தைப் போடாதீர்கள். அந்தக் குரல் பேசும் வாக்கியங்களைத் தமிழில் தாளில் எழுதிக் கொடுங்கள். திட்டத்தைத் தொடங்கியது யார், வேறு எங்கெல்லாம் விடுப்பு நடைமுறையில் இருந்தது, வெள்ளைக் கைதி ஒருவரின் படத்தைப் போட்டிருந்தால் இதே வாக்கியங்கள் எப்படிக் கேட்டிருக்கும் என்று மாணவர்களையே தேடவும் பேசவும் விடுங்கள்.

அதற்கு முன்னால், இன்றே அந்தக் குழுக்களுக்கெல்லாம் நான்கு வரி எழுதுங்கள். காணொளியை மறுபடி இணைக்க வேண்டாம். யாரைப் பார்த்து நம்மைப் பயப்படச் சொல்கிறது அந்தப் படம், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெரியப்பாவுக்கு மட்டும் எழுத வேண்டாம். தூக்கி வளர்த்தவர் வீட்டுக்கு நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர் சத்தம் போடுவார், போடட்டும்.