ஒன்பதால் பெருக்கவா, எட்டால் பெருக்கவா?

கேள்வி: ஐயா, கோர் 2 குவாட் க்யூ6600 பிராசஸர் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. பி35 மதர்போர்டு, டிடிஆர்2 800 ரேம். இப்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 3-க்கு ஏற்றி பழைய கேம்கள் ஆட ஆசை. பஸ்ஸை (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பாதை) 333 மெகாஹெர்ட்ஸ் வைத்து, மல்டிப்ளையர் என்ற பெருக்கியை 9 வைத்துப் பெருக்கினாலும் 3000 வருகிறது, 375 வைத்து 8-ஆல் பெருக்கினாலும் 3000 வருகிறது. பஸ் வேகமாக இருப்பதுதான் நல்லது, 375 வை என்கிறான் நண்பன். எதை வைக்கட்டும்?
- ஈரோடு வாசகர்

பதில்: 333, 9. நண்பர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. க்யூ6600 என்பது ஒரே மூடிக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு டூயல் கோர் சில்லுகள். ஒன்று மற்றொன்றிடம் பேச வேண்டுமானாலும் பஸ் வழியாகத்தான் போக வேண்டும். ரேமுக்கும் அதே பாதைதான். அதனால் பஸ் வேகம் கூடினால் கொஞ்சம் பலன் உண்டு.

ஆனால் 375 என்றால், ஒரு துடிப்புக்கு நான்கு முறை என்ற கணக்கில், பஸ் 1500-இல் ஓடும். பி35 அதிகாரபூர்வமாகத் தாங்குவது 1333 வரை. அதற்கு மேல் போனால் சூடு ஏறுவது, மதர்போர்டில் பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் நார்த்பிரிட்ஜ் சில்லுக்கு. அதன் தலையில் பெரும்பாலும் ஃபேன்கூட இல்லாத ஒரு ஹீட்சிங்க்தான் இருக்கும். இன்னொன்று, ரேம். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை வேலை செய்யும்; 375-இல் பஸ்ஸுக்கும் ரேமுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் வைத்தால் உங்கள் 800 ரேம் 750-இல்தான் ஓடும். ஐந்துக்கு ஆறு வைத்தால் 900. அது தாங்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். 333-இல் அதே ஐந்துக்கு ஆறு கச்சிதமாக 800 தருகிறது. எல்லாமே தன் தன் அளவுக்குள் நிற்க, பிராசஸர் மட்டும் கூடுதலாக உழைக்கும். நமக்கு வேண்டியது அதுதானே?

பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போனதும் முதல் வேலை, கார்டுகள் இணையும் பாதைகளான பிசிஐ எக்ஸ்பிரஸை 100-இலும் பிசிஐயை 33-இலும் பூட்டுவது. ஆட்டோவில் விட்டுவிடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். செலரான் 300ஏ பிராசஸர் காலத்தில் பஸ்ஸை 66-இலிருந்து 100-க்குத் தூக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 100 வேண்டாம், பயமாக இருக்கிறது என்று 83-இல் நிறுத்தினேன். 100-க்குப் போயிருந்தால் போர்டு அதை மூன்றால் வகுத்து பிசிஐக்கு 33 கொடுத்திருக்கும். 83-ஐ இரண்டால் வகுத்ததில் பிசிஐ 41.5-இல் ஓடியது. ஹார்ட் டிஸ்க் அதைத் தாங்காமல், ஆறு மாதக் கடைக் கணக்கு ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் கெட்டன. ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துச் செய்த வேலை அது!

அப்புறம், மல்டிப்ளையரை 6-க்கு இறக்கிவிட்டு பஸ்ஸை 333 வையுங்கள். பிராசஸர் 2 ஜிகாஹெர்ட்ஸில், அதாவது அசல் வேகத்துக்கும் கீழே ஓடும். ஒரு ராத்திரி முழுக்க, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். இப்போது தொங்கினால் குற்றவாளி பஸ்ஸோ ரேமோதான், பிராசஸர் இல்லை. அதில் தேறினால் 9-க்கு ஏற்றி, பிராசஸரைக் கசக்கிப் பிழியும் பிரைம்95 சோதனையை ஓட்டுங்கள். இங்கே பிழை வந்தால் பிராசஸருக்கு மின்னழுத்தம் போதவில்லை, அல்லது சூடு. மூடியில் எஸ்எல்ஏசிஆர் என்று பொறித்திருந்தால் அது ஜி0 ரகம். பெரும்பாலும் மின்னழுத்தத்தைத் தொடாமலே 3 போய்விடும். முந்தைய பி3 ரகம் சூடு கூட. எதுவானாலும் பிரைம்95 சோதனையைப் பகல் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல் செய்யுங்கள். ராத்திரி தேறிய கம்ப்யூட்டர் ஈரோட்டு மே மாதப் பகலில் தேறும் என்று சொல்ல முடியாது.

சும்மா இருக்கும்போது 2 ஜிகாஹெர்ட்ஸ் காட்டினால் பதற வேண்டாம். மின்சாரம் மிச்சம் பிடிக்க மல்டிப்ளையர் தானாக 6-க்கு இறங்கியிருக்கும்.

கேள்வி: ரைசன் 5 5600-க்கு 3600 ரேமை மாற்றிவிட்டு 4000 ரேம் போட்டேன். கேமில் வேகம் கூடவில்லை, சிலவற்றில் குறைந்தே விட்டது. ரேம் போலியா?
- மதுரை வாசகர்

பதில்: ரேம் மீது பழி போடாதீர்கள். இதிலும் பஸ் கதைதான், பெயர் மட்டும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக். 3600 ரேமின் உண்மையான துடிப்பு 1800; ஃபேப்ரிக்கும் அதே 1800-இல் இணைந்து ஓடும். 4000-க்கு 2000 வேண்டும். பெரும்பாலான சில்லுகள் 1900 பக்கத்திலேயே மூச்சு வாங்கும். அதனால் போர்டு இணைப்பை விட்டுவிட்டு, மெமரி கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடுகிறது. பயாஸில் ரேமை 3600, ஃபேப்ரிக்கை 1800 என்று நீங்களே வையுங்கள். பழைய ரேமை இன்னும் விற்கவில்லை என்றால் புதியதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.