காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வயலில் பாறைத் தூள் தூவினால் மண் கறுத்து, வெயிலை இழுத்து, பூமி இன்னும் சூடாகாதா?

சூடாக வாய்ப்பு உண்டு. எந்த மண்ணில் தூவுகிறோம், அது எத்தனை நாள் வெறுமையாகக் கிடக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் லாபம். பசால்ட் என்னும் எரிமலைக் கல்லை மாவாக அரைத்துத் தூவினால், மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதை மெல்ல அரிக்கும். அந்தக் கார்பன், நீரில் கரைந்தே இருக்கும் பைகார்பனேட்டாக மாறி, ஆற்றோடு கடலுக்குப் போய், பல ஆயிரம் ஆண்டுகள் அங்கேயே தங்கும். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50 டன் வீதம் 4 ஆண்டுகள் தூவிப் பார்த்தார்கள். 2024இல் வந்த முடிவின்படி நான்கு ஆண்டுகளிலும் சேர்த்து ஹெக்டேருக்குச் சுமார் 10.5 டன் கார்பன் டை ஆக்சைடு பிடிபட்டது. மக்காச்சோள விளைச்சலும் கூடியது.

இப்போது நிறத்துக்கு வருவோம். தரை எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பதை ஆல்பிடோ என்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் அது 0.01, அதாவது விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு, குறைந்து ஓராண்டு முழுக்க அப்படியே இருந்தால், அந்த ஆண்டில் சுமார் 15 டன் கார்பன் டை ஆக்சைடு தரும் அளவுக்குச் சூடு கூடும். இது நான் போட்ட தோராயக் கணக்குதான். இல்லினாய்ஸில் பிடித்த 10.5 டன்னைவிட அது அதிகம்! அதனால்தான் உங்கள் கேள்வியை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது என்கிறேன்.

ஆனால் நிறம் நிற்பதில்லை. 50 டன் என்பது சதுர மீட்டருக்கு 5 கிலோ, சுமார் மூன்று மில்லிமீட்டர் கனம்தான் வரும். ஓர் உழவில் மண்ணோடு கலந்தால் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். பயிர் மூடிவிட்டால் வெயில் படுவது இலையில். பிடித்த கார்பனோ சீக்கிரம் திரும்பி வராது.

அதோடு, பாறையாக இருக்கையில் கறுப்பாகத் தெரியும் பசால்ட், காய்ந்த மாவானால் சாம்பல் நிறம். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் தூவினால் மண் வெளுக்கத்தான் செய்யும். இல்லினாய்ஸ் புல்வெளி மண்ணும் கறுப்புதான். வெளிர் மணலிலும் செவலிலும்தான் எனக்குப் பயம். கோடை முழுக்கத் தரிசாகக் கிடக்கும் செவல் காட்டில் இதைத் தூவி அப்படியே விடுவது தவறு. ஈரம் இல்லாமல் கல்லும் கரையாது, வெயிலை மட்டும் வாங்கிக்கொண்டு கிடக்கும்.

நெல் வயலில் இந்தச் சிக்கலே குறைவு. தொழி அடித்ததும் தூள் சேற்றுக்குள் போய்விடும். மற்ற நிலங்களில் விதைப்புக்கு முந்தைய உழவோடு, மழை வரும் நேரம் பார்த்துத் தூவுங்கள்.