ஒருங்கிணைந்த உளசிகிச்சை பேனிக் அட்டாக்குக்கு உதவுமா?

அப்பா இறந்ததிலிருந்து பஸ்ஸில் ஏறினாலே பேனிக் அட்டாக் மாதிரி திடீரென்று பயம் கவ்வி நெஞ்சு படபடக்கிறது, பல சிகிச்சை முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் ஒருங்கிணைந்த உளசிகிச்சை செய்கிற ஒருவரிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு விதமான வேலை நடக்கிறது.

இந்த வாரம் மூச்சுப் பயிற்சி, அடுத்த வாரம் சின்ன வயசுக் கதை, அதற்கடுத்த வாரம் தியானம் என்று கைக்கு வந்ததைப் போடுவது ஒன்று. அது வெறும் கதம்பம். சிக்கல் எதில் தொடங்கியது, இன்று அதை எது நடத்திக்கொண்டிருக்கிறது என்று முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் கணித்து, எந்த முறையை எப்போது எடுப்பது, எதை எடுக்கவே கூடாது என்று முடிவு செய்வது இன்னொன்று. இதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

கலந்தால் என்ன கெட்டுவிடும்? உங்கள் படபடப்பையே எடுத்துக்கொள்வோம். (தைராய்டு, ரத்தசோகை, இதயத்துடிப்புக் கோளாறு இல்லை என்று பொது மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டீர்களா? ஒரு நாளில் ஐந்து காபி குடிப்பவரா? அதை முதலில் பாருங்கள்.) சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை) முறையில் சிகிச்சையாளர் உங்களை ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சுவிடச் சொல்வார். நெஞ்சு அடித்துக்கொள்ளும், தலை கிறுகிறுக்கும், பிறகு தானாகவே அடங்கும். ‘படபடப்பு வந்தால் ஒன்றும் ஆகாது’ என்று மூளை கற்றுக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் இது. அதே வாரம் ‘படபடப்பு வந்ததும் நான்கு எண்ணி மூச்சை இழுத்து அடக்குங்கள்’ என்றும் சொல்லிக்கொடுத்தால், மூளை வேறு பாடம் படித்துவிடும்: மூச்சை அடக்கியதால் பிழைத்தேன். இரண்டுமே நல்ல முறைகள்தான். சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று வெட்டும். தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஏற மாட்டேன், படிக்குப் பக்கத்து சீட் வேண்டும் என்பதெல்லாம் இதே வகை: அதனால்தான் பிழைத்தேன் என்று மூளை நினைத்துக்கொள்ளும்.

பஸ் பயிற்சியும் படிப்படியாகத்தான். முதலில் ஸ்டாப்பில் நின்று நாலு பஸ்ஸை வெறுமனே பார்ப்பது, பிறகு ஒரு ஸ்டாப் தூரம், பிறகு மூன்று, கடைசியில் காலை நேரத்து நெரிசல். பயத்துக்கு 0 முதல் 100 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாளாவது செய்ய வேண்டும். 70 வந்ததும் பாதியில் இறங்கினால், இறங்கியதால்தான் தப்பித்தோம் என்று பதிந்துவிடும். பலருக்குச் சறுக்குகிற இடம் இதுதான்.

துக்கம் எங்கே வருகிறது? கெட்டிக்காரச் சிகிச்சையாளர் ஒரு சின்னக் கேள்வி கேட்பார்: ‘அது எங்கே போகிற பஸ்?’ அப்பாவைச் சேர்த்திருந்த மருத்துவமனை வழியாகப் போகிற பஸ் என்றால், பயிற்சி மட்டும் போதாது. அப்போது கெஸ்டால்ட் என்ற, இப்போது உணர்வதை நேரடியாக வெளிக்கொண்டுவரும் சிகிச்சை முறையிலிருந்து ‘காலி நாற்காலி’ பயிற்சியை எடுக்கலாம். எதிரே ஒரு நாற்காலி போட்டு, அப்பா அதில் இருப்பதாக வைத்து, ‘அவர் என்னிடம் சொல்லவே இல்லை’ என்பதை ‘ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?’ என்று நேராகக் கேட்பது. எழுதிப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும்; அந்த அறையில் குரலே மாறிவிடும். அதனால் முதல் இரண்டு அமர்வுகளில் இதைத் தொடக்கூடாது. 50 நிமிட அமர்வில் கடைசி 15 நிமிடத்தை மனசு ஆற ஒதுக்க வேண்டும். கொட்டி அழவைத்து அப்படியே வாசலுக்கு அனுப்பினால் ஆள் திரும்பி வரமாட்டார்.

எந்த முறையானாலும் அடியில் ஓடுவது உறவுதான். சிகிச்சை உறவுக்கு மூன்று பகுதிகள் என்று 1979-இல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் எழுதினார்: எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்கிறோம், இருவருக்கும் இடையே என்ன பிணைப்பு. நம்மிடம் முதல் இரண்டும் அடிக்கடி ஓட்டையாகிவிடும். ‘சரிங்க டாக்டர்’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாரம் போகாமல் இருந்துவிடுவோம். பிடிக்கவில்லை, புரியவில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் மாறாமல் திட்டத்தை மாற்றுகிறாரா என்பதே நல்ல சோதனை.

பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் படிவம் இருக்கிறது, மொத்த மதிப்பெண் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் பதற்றத்தை விரிவாக ஆராய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். ஆறு அமர்வு முடிந்தும் எண் அசையவில்லை என்றால், ‘இன்னும் ஆழமாகப் போக வேண்டும்’ என்ற பதிலோடு விடாதீர்கள்; கணிப்பே தப்பாக இருக்கலாம்.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. தூக்கமே இல்லாமல் பரபரப்பு, இல்லாத குரல் கேட்பது, சாக வேண்டும் என்ற எண்ணம் இதில் எது இருந்தாலும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். இரவு நேரமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மூன்றாவது அமர்வில் அவரிடம் கேளுங்கள்: ‘என் பிரச்சினையை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்? முதலில் எதைச் செய்யப் போகிறோம், ஏன்?’ நாலு வாக்கியத்தில், உங்களுக்குப் புரிகிற தமிழில் பதில் வந்தால் தொடருங்கள்.