ஆணையம் கேட்டால் அறிக்கையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிப்பதால், என் 9 வயது மகனைக் குழந்தைகள் நலக் குழு ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டது. பக்கத்து வீட்டார் என்னைப் பற்றித் தவறாகச் சொன்னதும் விசாரணை அறிக்கையில் இருக்கிறதாம். மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மனு அனுப்பியிருக்கிறேன். ‘அறிக்கை ரகசியம், ஆணையத்துக்கும் தர மாட்டோம்’ என்கிறார்கள் குழு அலுவலகத்தில். 8,000 ரூபாய் கொடுத்தால் நகல் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்தப் பணத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அலுவலக வாசலில் நின்று ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று சொல்பவர்களை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். அவர்கள் தருவது பாதி நேரம் வெற்றுத்தாள். உண்மையான நகலே கிடைத்தாலும், எப்படி வந்தது என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆணையம் அந்த அறிக்கையைப் பார்க்கலாம். விசாரணையின்போது ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும், அலுவலகங்களிலிருந்து வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அதற்குக் கொடுத்திருக்கிறது. குழந்தைகள் நலக் குழு இயங்கும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பதும் ஆணையத்தின் பொறுப்புதான். கோப்பையே பார்க்காமல் எதைக் கண்காணிப்பது? குழந்தையைக் காப்பதற்காக ஏற்படுத்திய ரகசியத்தை அலுவலகத்தைக் காக்கப் பயன்படுத்துகிறார்கள். கேட்டால் சட்டம் என்கிறார்கள். மனம் கொதிக்கிறது.

சரி, நீங்கள் பார்க்க முடியுமா? இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். குழு பரிசீலிக்கும் அறிக்கைகள் ரகசியம் என்றுதான் இளைஞர் நீதிச் சட்டத்தின் 99-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு வழி இருக்கிறது. குழு சரியென்று கருதினால், அறிக்கையின் சாரத்தைக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ சொல்லலாம். அதற்கு எதிரான சான்றுகளைக் கொடுக்க வாய்ப்பும் தரலாம். முழு நகல் என்று அங்கே இல்லை, சாரம் மட்டும்தான். அதுவும் குழு மனம் வைத்தால்தான். நீங்கள் பெற்ற தாய், அதனால் கேட்கலாம். சித்தியோ அத்தையோ போய்க் கேட்டால், பாதுகாவலர் என்று காட்ட ஏதாவது இருக்க வேண்டும். ‘99-ஆவது பிரிவின்படி சாரத்தைத் தெரிவியுங்கள், என் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதற்கு மறுப்பை அப்போதே சேர்த்துவிடுங்கள்.

பலர் ஏமாறும் இடம் இதுதான்: ஆணையத்துக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஆணையம் அரசுக்குப் பரிந்துரைதான் செய்யும். குழுவின் உத்தரவை ரத்து செய்யாது. உத்தரவை எதிர்த்துக் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு, அது உத்தரவு தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். குழு நடந்துகொண்ட விதம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடம் தனியாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று. அவசரத்தில் மகன் பெயர், பள்ளி, படம் எதையும் வாட்ஸ்அப்பிலோ நிருபரிடமோ போட்டுவிடாதீர்கள். அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். உத்தரவு நகலோடு நாளைக்கே அங்கே போங்கள்.