‘விருப்பப்பட்டுத்தானே போனாள்?’

கேள்வி: குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன என் மதினி, பாஸ்போர்ட்டையும் பல மாதச் சம்பளத்தையும் பறிகொடுத்து, இந்தியத் தூதரகம் மூலம் ஊர் திரும்பியிருக்கிறார். சரியாகத் தூங்குவதில்லை. டிக்கெட் செலவைத் திருப்பிக் கொடு என்று ஏஜெண்ட் போனில் மிரட்டுகிறார். ‘விருப்பப்பட்டுத்தானே போனாள்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வீட்டிலிருந்தே பீடி சுற்றச் சொல்லலாமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: முதலில் ஏஜெண்ட். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்; எந்தத் தாளிலும் மதினி கையெழுத்திட வேண்டாம். விசா நகல், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் குரல்பதிவுகள் எதையும் அழித்துவிடாதீர்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். ஊர் ஊராக வந்து ஆசை காட்டும் தரகர்கள் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார்கள்.

சொந்தக்காரர்களுக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைக் கொண்டுபோய் அடிமைபோல நடத்தினால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவுப்படி அது ஆள்கடத்தல். போனவர் சம்மதித்தாரா என்பது அங்கே பொருட்டே அல்ல. 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு. அதிலும் இதே விதிதான்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை மதினிதான் முடிவு செய்ய வேண்டும். உண்பதும் உறங்குவதும்கூட அடுத்தவர் உத்தரவுப்படி நடந்த இடத்திலிருந்து வந்தவருக்கு, அன்பினால்கூட உத்தரவு போடக் கூடாது. கடத்தலுக்கு ஆளானவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். தங்க இடமோ அவசர உதவியோ தேவைப்பட்டால் 181, பெண்கள் உதவி எண்.

தூக்கமின்மைக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே வரத் தயங்கினால் அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். ‘என்ன நடந்தது’ என்று நீங்கள் துருவ வேண்டாம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருகிற உறவினர்கள் எப்படியும் துருவுவார்கள். அவர்களுக்கு என்ன சொல்லலாம் என்று மதினியிடமே முன்கூட்டிக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

பீடி? அவராக விரும்பினால் சரி. ஆனால் நாளெல்லாம் சுற்றிக் கொண்டுபோனதில் ஒரு பகுதியைக் கழித்துத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குக் கூலி தரும் பீடிக்கடைகளை முக்கூடல்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சம்பளம் பறிபோன காயத்தோடு வந்தவரை இப்போதே அங்கே தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாலு பேரோடு வெளியே போய்வருகிற வேலையாக, அவருக்குப் பிடித்ததாகத் தேடுங்கள், அவசரமில்லை. அதற்கு முன் அவர் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். ஏடிஎம் அட்டை அவர் கையில்தான் இருக்க வேண்டும், உங்கள் அண்ணன் கேட்டாலும் சரி.