சர்வீஸ் சென்டரில் சொல்லும் கூடுதல் வேலைகளில் எவை உண்மையிலேயே தேவை?

புதுச்சேரியில் இருக்கிறீர்கள், ஐந்து வருடப் பெட்ரோல் கார், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வழக்கமான சர்வீஸுக்கு விட்டால் இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், பிரேக் ஆயில், அண்டர்பாடி கோட்டிங் (காரின் அடிப்பகுதிக்குத் துருப்பிடிக்காமல் பூசும் பூச்சு), வீல் அலைன்மெண்ட், டயருக்கு நைட்ரஜன் என்று எஸ்டிமேட் இரண்டு மடங்காகிவிட்டது, எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். அண்டர்பாடியைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இன்ஜின் ஃப்ளஷும் நைட்ரஜனும் வேண்டாம். மற்றவை அறிகுறி இருந்தால் மட்டும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக் காரோடு அக்கா வீட்டுக் காரையும், தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் காரையும் சர்வீஸுக்கு விடும் பொறுப்பு பெரும்பாலும் என்னுடையதுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலை எடுத்து, பின்பக்கங்களில் இருக்கும் சர்வீஸ் அட்டவணையைப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதம், எது முன்னால் வருகிறதோ அப்போது என்ன மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். பல மேனுவல்களில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணையும் உண்டு. தூசிச் சாலை, நெரிசலில் ஊர்ந்து போவது, தினமும் குட்டிக் குட்டி ஓட்டம் எல்லாம் அதில் அடங்கும். லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்கு மட்டும் தினமும் போய்வரும் கார் அந்த வகைதான். அப்படிப்பட்ட காருக்கு ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொன்னால் அது நியாயமான ஆலோசனை.

இன்ஜின் ஃப்ளஷ் என்ற வரியை நான் புரட்டிய எந்த அட்டவணையிலும் பார்த்ததில்லை. காலத்தில் ஆயில் மாற்றிய இன்ஜினுக்குள் கழுவி எடுக்கும் அளவுக்கு அழுக்கு சேராது. பல வருடம் கவனிக்காமல் விட்ட இன்ஜினில் ஃப்ளஷ் செய்தால், இளகிய கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. இன்ஜெக்டர் கிளீனிங், கார் நிற்கும்போது இன்ஜின் துடித்தாலோ, பிக்கப் குறைந்தாலோ, செக் இன்ஜின் விளக்கு எரிந்தாலோ யோசிக்க வேண்டிய விஷயம். நைட்ரஜனைப் பொறுத்தவரை, நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காலையில் டயர் சூடாகும் முன் மாதம் ஒருமுறை பிரஷர் பார்த்தால் போதும். ஏசியில் நாற்றம் வந்தால் முதலில் ஏசி ஃபில்டரை மாற்றுங்கள். பெரும்பாலான கார்களில் அது டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, நீங்களே மாற்றலாம். அலைன்மெண்ட், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அவசியம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாக அடிக்கடி கடலூர் வருபவராக இருந்தால், மழைக்காலப் பள்ளங்களெல்லாம் தாண்டியபின் ஜனவரியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பிரேக் ஆயிலில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்கும்போது, பிரேக் சூடாகி உள்ளே ஆவி உண்டானால் பெடல் தரையோடு போய்விடும். நம்முடையது வருடம் முழுவதும் ஈரக்காற்று வீசும் கடற்கரை. பல மேனுவல்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. ஆசிரியர் ஐயாவின் கார் மாதத்தில் சில நாள்தான் வெளியே வரும். கிலோமீட்டர் ஏறவில்லையே என்று அதில் விட முடியாது, ஈரம் மீட்டரைப் பார்த்து ஏறுவதில்லை. டயரும் அப்படித்தான், ஓடாவிட்டாலும் வயதாகும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.

அண்டர்பாடி கோட்டிங் கோயம்புத்தூரில் வெட்டிச் செலவாக இருக்கலாம். வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கார் வெளியில் நிற்கிறது என்றால் அப்படிச் சொல்லிவிட முடியாது, உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். ஆனால் பூசுவதற்கு முன் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நீங்களே கீழே நின்று பாருங்கள். பல கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே பூச்சு இருக்கும். அது உரியாமல் இருந்தால் அவசரமில்லை. துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, அதன்மேல்தான் பூச வேண்டும். துருவின் மேலேயே பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளை அடைத்துவிடாமல் இருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

சர்வீஸ் அட்வைசரிடம் சண்டை வேண்டாம். பல இடங்களில் இந்தக் கூடுதல் வேலைகளுக்கு மாத டார்கெட் வைத்திருக்கிறார்கள், அந்தத் தம்பிகள் அதைத் தீர்மானிப்பவர்கள் அல்ல. அளவை மட்டும் கேளுங்கள்.

"சார், பிரேக் பேட் தேஞ்சிருச்சு, மாத்திரலாமா?"

"எத்தனை எம்எம் நிக்குது தம்பி?"

3 எம்எம் பக்கம் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். 6 எம்எம் என்றால் அடுத்த சர்வீஸ் வரை தாங்கும். "என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை வேண்டாம், கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும்" என்று ஜாப் கார்டிலேயே (வண்டியை விடும்போது வேலைகளை எழுதும் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். மேனுவலில் இல்லாத வேலையை மறுத்தால் வாரண்டி போய்விடும் என்று சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதே சமயம் காது கொடுத்துக் கேளுங்கள். டிரைவ் ஷாஃப்ட் பூட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டின் ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருக்கிறது என்று ஒருவர் படம் எடுத்துக் காட்டினால் அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். அந்தச் சின்ன ரப்பரை விட்டுவிட்டால் கிரீஸ் வெளியேறி, மண் புகுந்து, ஜாயிண்டே போய்விடும்.

வெள்ளத்தில் நின்ற காருக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள்; தொடர்ந்து இங்கே தென்பெண்ணையும் ஊருக்குள் வந்தது. அப்படி நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும், அந்தச் சேதத்துக்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்க்காத பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி படம் எடுத்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லிவிட்டு, டோ செய்து அனுப்புங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், வீல் பேரிங் சோதனை, சீட்டைக் கழற்றி கார்பெட்டைக் காயவைப்பது என்று அவர்கள் அப்போது எழுதும் ஒவ்வொரு வரிக்கும் தயங்காமல் சரி சொல்லுங்கள்.